கேமரா வாங்கித் தருவதற்கு முன்: செந்நாய் ஆய்வுக்குப் பணம் கொடுப்பது பற்றி

உங்கள் குடும்பம் கோவையில் உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துகிறது. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியை நீலகிரிச் செந்நாய்களுக்கு ஒதுக்க நினைக்கிறீர்கள். 50 தானியங்கி கேமராக்களை வாங்கி ஆய்வாளர்களிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணிக்கொண்டிருப்பதற்குச் செலவழிப்பதைவிட நேராகக் காப்பாற்றுவதற்கே செலவழிக்கலாமே என்று உங்கள் தந்தையார் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டாயம் கொடுங்கள். ஆனால் கேமராவாகக் கொடுக்காதீர்கள். செந்நாயின் எச்சத்தை, அதாவது மலத்தை, தேடி நடக்கிற ஆட்களின் சம்பளத்துக்கும், அந்த எச்சத்திலிருந்து டிஎன்ஏவைப் படிக்கிற ஆய்வகத்துக்கும், ஒரே காட்டில் குறைந்தது நான்கு பருவங்களுக்குக் கொடுங்கள். ஏன் என்பதுதான் மீதிப் பதில்.

தந்தையாரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015இல் செந்நாய்களை மதிப்பிட்டபோது, இனப்பெருக்கம் செய்யும் நிலையில் உள்ளவை 949 முதல் 2,215 வரை இருக்கலாம் என்றது. குட்டிகளையும் மற்றவற்றையும் சேர்த்தால் 4,500 முதல் 10,500 வரை. இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். மேல் எண் கீழ் எண்ணைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். இந்தியப் புலிகளுக்கு 2022 கணக்கெடுப்பு கொடுத்த எண்கள் 3,167 முதல் 3,925 வரை. இரண்டு விலங்குகளும் ஒரே காட்டில், ஒரே பாதையில், ஒரே மானைத் தின்று வாழ்கின்றன. ஒன்றைப் பற்றி நமக்கு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. மற்றொன்று தன் பழைய வாழிடத்தில் முக்கால் பங்குக்கு மேல் இழந்து நிற்கிறது. அது இன்னும் எத்தனை இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை.

தெரியாவிட்டால் என்ன, காட்டைக் காத்தால் போதாதா என்று கேட்கலாம். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. சிலவற்றின் உடலில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. செய்தி நாடெங்கும் பரவியது, தடுப்பூசி வரவழைக்கப்பட்டது. அவ்வளவு விரைவாக அது தெரிய வந்ததற்குக் காரணம், கிர் காட்டில் சிங்கங்களை நாள்தோறும் பின்தொடர்கிற ஆட்கள் இருந்ததுதான். அதே நோய் மசினகுடி ஓரத்து ஊர் நாய்களிடமிருந்து ஒரு செந்நாய்க் கூட்டத்துக்குத் தொற்றினால் என்ன நடக்கும்? பன்னிரண்டு விலங்குகள் புதருக்குள் படுத்துச் சாகும். கழுகு வரும், பன்றி வரும். இரண்டு மாதம் கழித்து யாராவது ஒரு காவலர், "இந்தப் பக்கம் செந்நாய் கண்ணில் படுவதில்லையே" என்பார். வேறு பக்கம் போயிருக்கும் என்று இன்னொருவர் பதில் சொல்வார். அதோடு சரி. காப்பாற்ற வேண்டியது போய்விட்டது என்பதே நமக்குத் தெரிய வராது. அதனால்தான் கண்காணிப்பைக் காப்பாற்றுவதிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த விலங்குக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆங்கிலேயர் காலத்திலிருந்து செந்நாயைக் கொன்று வந்தவர்களுக்கு அரசே பரிசுப்பணம் கொடுத்தது. மான்களை அழிக்கும் கொடிய பிராணி என்று வேட்டைக்காரர்கள் எழுதி வைத்ததை எல்லோரும் நம்பினார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே அந்தக் காலம் முடிந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1976இல், நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங் பந்திப்பூர் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர ஆரம்பித்தார். விலங்கின் கழுத்தில் மாட்டி இருப்பிடம் அறியும் ரேடியோ காலர் கிடையாது, தானியங்கி கேமரா கிடையாது. நடந்தார், மரத்தின் மேல் காத்திருந்தார், இரையைத் தேடிப் போனார், எச்சத்தைப் பிரித்துப் பார்த்தார். செந்நாய் எப்படி வேட்டையாடுகிறது, எப்படிக் குட்டி வளர்க்கிறது என்று நாம் இன்று பாடமாகச் சொல்வதில் பெரும்பகுதி அந்த இரண்டு ஆண்டு நடையில் கிடைத்தது. 2024இல் அவர் மறைந்தபோது, அந்த நடைக்கு நாம் இன்னும் சரியான தொடர்ச்சி தரவில்லையே என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது.

இப்போது கேமராவுக்கு வருகிறேன்.

புலிக் கணக்கெடுப்பில் கேமரா வெற்றி பெற்றதைப் பார்த்துவிட்டே எல்லோரும் கேமரா கேட்கிறார்கள், கேமரா கொடுக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமரா வைத்தார்கள். 4 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. அந்தப் படங்களில் செந்நாயும் நிறையவே இருக்கும். ஆனால் புலியின் விலாவில் வரிகள் இருக்கின்றன. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு வராது. இன்று இந்தப் பாறைக்கருகே வந்த புலிதான் பத்து நாள் கழித்து அந்த ஓடையருகே வந்தது என்று கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடும். சிறுத்தைக்குப் புள்ளிகள். ஆப்பிரிக்காவின் காட்டு நாய்களுக்குக்கூட ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான கறுப்பு, வெள்ளை, மஞ்சள் திட்டுகள் உண்டு. சுற்றுலாப் பயணி எடுத்த புகைப்படத்தை வைத்தே அங்கே ஆளை அடையாளம் காண்கிறார்கள். நம் செந்நாய்க்கு உடல் முழுக்கச் செம்மண் நிறம், வாலில் கறுப்பு. காது கிழிந்ததோ வால் அறுந்ததோ ஒன்றிரண்டு இருந்தால் அவற்றை மட்டும் அடையாளம் சொல்லலாம். மற்றவை எல்லாம் கேமராவுக்கு ஒரே நாய்தான்.

சரி, ஆள் தெரியாவிட்டாலும் தலையை எண்ணலாமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு கோடையில் தண்ணீர்க் குட்டை ஒன்றின் அருகே இரண்டு கேமராக்களை எதிரெதிராகக் கட்டினோம். ஒரே காலையில் ஒரே கூட்டம் வந்தது. ஒரு கேமராவில் நான்கு, மற்றதில் ஏழு. மூன்றாவதாக, மரத்தின் மேல் அமர்ந்திருந்த என் உதவியாளர் எண்ணியது பதினொன்று. கேமராவின் கண்ணுக்குள் முதல் விலங்கு வந்து, அது விழித்து, படமெடுத்து, மீண்டும் தயாராவதற்குள் பின்னால் வந்தவை புதர்ப் பக்கமாகப் போய்விட்டன. வீடியோவாக வைத்தால் கொஞ்சம் தேவலாம், பேட்டரி சீக்கிரம் தீரும். அதிலும் கிடைப்பது "குறைந்தது இத்தனை" என்ற எண் மட்டுமே.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது, பணம் கொடுப்பவர்களுக்கு அதை யாரும் விளக்குவதில்லை. எண்ணிக்கை மதிப்பிடும் கணக்கு முறைகள் பெரும்பாலும் ஒரு விலங்கு அடுத்த விலங்கைப் பார்த்து நடப்பதில்லை என்று வைத்துக்கொள்கின்றன. தனியே திரியும் புலிக்கு அது பொருந்தும். செந்நாய் கூட்டமாகப் போகும் பிராணி. பத்து செந்நாய்கள் இடப்பக்கப் பாதையில் போனால் பத்தும் போகும். வலப்பக்கம் கட்டிய கேமரா பத்தையும் தவறவிடும். ஆக, கிடைத்தால் நிறைய, கிடைக்காவிட்டால் ஒன்றுமே இல்லை. பழைய கணக்கில் இதை அப்படியே போட்டால் எண் வந்துவிடும், பிழையின் அளவு மட்டும் உண்மையில் இருப்பதைவிடச் சிறியதாகத் தோன்றும். அறிக்கையைப் படிப்பவர் அதை நம்பிவிடுவார். கூட்டமாக வாழும் விலங்குக்கென்றே கணக்கு முறையைச் செம்மைப்படுத்த வேண்டும். அது காட்டில் நடக்கும் வேலையே இல்லை. அறைக்குள் கணினி முன்னால் ஒரு புள்ளியியல் அறிஞர் உட்கார்ந்து செய்கிற வேலை. அவருக்குச் சம்பளம் கொடுக்க முன்வந்த நன்கொடையாளர் யாரையும் நான் சந்தித்ததில்லை, ஏனென்றால் அதைப் படமெடுத்து ஆண்டறிக்கையில் போட முடியாது.

இன்னொரு வழி, எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று மட்டும் பார்ப்பது. காட்டைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தடமோ எச்சமோ கிடைக்கிறதா என்று தேடுவார்கள். கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் 2007இலும் 2015இலும் அப்படி விரிவாகப் பார்த்தார்கள். செந்நாய்க்கு ஏற்ற வாழிடத்தில் 2007இல் சுமார் 62 சதவீதத்தில் இருந்தவை, 2015இல் சுமார் 54 சதவீதமாகக் குறைந்திருந்தன. மிக மதிப்புள்ள வேலை அது. பெரிய நிலப்பரப்புக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் இருபது உள்ள கூட்டமும் இரண்டே மிஞ்சிய கூட்டமும் இந்த முறையில் ஒரே "இருக்கிறது"தான். கட்டம் காலியாகும்வரை சரிவு கண்ணில் படாது.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு எச்சத்துக்கு வருகிறேன். என் மனம் இருப்பது இங்கேதான்.

செந்நாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. பாதைகள் கூடும் இடத்தில், பெரும்பாலும் வண்டித் தடமும் விலங்குத் தடமும் சந்திக்கிற இடத்தில், கூட்டமாக எச்சமிடும். பக்கத்துக் கூட்டத்துக்கு அது எல்லைக் கல் மாதிரி. அதிகாலையில் அப்படி ஓர் இடத்தில் போய் நின்றால் பத்துப் பன்னிரண்டு எச்சங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும், சில இன்னும் ஈரமாக. முடியும் எலும்புத் துணுக்கும் நிறைந்திருக்கும். சிறுத்தையின் எச்சம் பெரும்பாலும் தனியாகக் கிடக்கும், பக்கத்தில் காலால் மண்ணைக் கீறியிருக்கும். இந்த வேறுபாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு காட்டுநாயக்கப் பெரியவர். ஒரு முறை நான் உறுதியாகச் செந்நாய் என்று குழாயில் அடைத்ததை அவர் ஊர் நாய் என்றார். ஆய்வகமும் ஊர் நாய் என்றது. அன்றிலிருந்து அவர் தலையசைக்காமல் நான் குழாயை மூடியதில்லை.

எச்சம் குடலைவிட்டு வெளியே வரும்போது அதன் மேற்பரப்பில் குடலின் செல்கள் ஒட்டிக்கொண்டு வரும். பஞ்சுக் குச்சியால் அந்த மேற்பரப்பை மட்டும் மெல்லத் துடைத்து எடுத்து, டிஎன்ஏ கெடாமல் காக்கிற கரைசலில் போட வேண்டும். வெயில் ஏறினால் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைய ஆரம்பிக்கும். மழை பெய்தால் கழுவிக்கொண்டே போய்விடும். ஆகவே ஆள் விடியலில் நடக்க வேண்டும், அடுத்தடுத்த நாட்களில் அதே பாதையில் திரும்ப நடக்க வேண்டும். யானை நடமாடும் காட்டில் இது விளையாட்டில்லை. ஆய்வகத்தில் முதலில் இது செந்நாய்தானா என்று பார்ப்பார்கள். பிறகு டிஎன்ஏ சங்கிலியில் ஒற்றை எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிற இடங்களைப் பல டஜன் கணக்கில் ஒரே நேரத்தில் படிப்பார்கள். அந்த எழுத்துகளின் வரிசைதான் செந்நாயின் வரி. புலிக்குத் தோலில் எழுதியிருப்பது இதற்கு உள்ளே எழுதியிருக்கிறது.

முன்பெல்லாம் டிஎன்ஏவில் ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வருகிற பகுதிகளை அளப்பார்கள். அதற்கு நீளமான, கெடாத துண்டு தேவை. எச்சத்தில் அது அரிது. மேலும் ஓர் ஆய்வகம் அளந்த எண்ணும் இன்னோர் ஆய்வகம் அளந்த எண்ணும் ஒத்துப்போகாது. ஒற்றை எழுத்தைப் படிக்கும் முறையில் குட்டையான துண்டே போதும், எங்கே படித்தாலும் ஒரே எழுத்துதான். பத்து ஆண்டு கழித்து வேறொருவர் வேறோர் ஊரில் படித்தாலும் இன்றைய பட்டியலோடு ஒப்பிடலாம். நீண்ட காலக் கண்காணிப்புக்கு இதைவிட முக்கியமான குணம் வேறில்லை.

இது ஏட்டில் மட்டும் உள்ள முறையும் அல்ல. முதுமலையையும் பந்திப்பூரையும் ஒட்டியிருக்கிற வயநாடு சரணாலயத்தில் இதைச் செய்து காட்டினார்கள். பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணனும் அர்ஜுன் ஸ்ரீவத்சாவும் அவர்களோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. சுமார் 350 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 50 செந்நாய்கள். 100 சதுர கிலோமீட்டருக்கு 12 முதல் 14 என்ற அடர்த்தி. ஒரு விலங்கைக்கூடப் பிடிக்கவில்லை, மயக்க ஊசி போடவில்லை. வயநாட்டில் செய்ய முடிந்ததை எல்லை தாண்டி முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் செய்ய முடியும். கூட்டங்களுக்கு மாநில எல்லை தெரியாது. முதுமலையில் முன்பு பின்தொடர்ந்த இரண்டு கூட்டங்கள் சுமார் 54, 83 சதுர கிலோமீட்டர் பரப்பில் திரிந்தன. அவ்வளவு பரப்பில் திரியும் பிராணியை ஒரு சரணாலயத்துக்குள் மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இங்கே "ஆய்வு முடிந்துவிட்டதே, இனி ஆய்வுக்கு எதற்குப் பணம், அப்படியே செய்யலாமே" என்று தோன்றலாம். இல்லை, இன்னும் முக்கியமான கேள்விகள் மிச்சமிருக்கின்றன. வறண்ட காட்டில் நன்றாக வரும் முறை ஆனைமலையின் மழைக்காட்டில், அட்டையும் ஈரமும் உள்ள தரையில், வருமா? எத்தனை நாள் பழைய எச்சம் வரை எடுக்கலாம்? ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. யார் யாருக்கு உறவு, எந்தப் பெண் குட்டி போட்டது, எது பிரிந்து போய் வேறு கூட்டம் அமைத்தது என்று டிஎன்ஏவிலிருந்தே சொல்ல முடிந்தால்தான் கூட்டங்களின் வரலாறு கிடைக்கும். பெரும்பாலும் ஒரு கூட்டத்தில் ஒரே இணைதான் குட்டி போடும். ஆகவே மொத்தத் தலைகளின் எண்ணிக்கையைவிட எத்தனை கூட்டங்கள், எத்தனை தாய்கள் என்பதே இந்த விலங்கின் எதிர்காலத்தைச் சொல்லும். அதே எச்சத்தில் நோய்க்கிருமியின் தடயத்தையும் பார்க்க முடிந்தால், மேலே நான் பயந்த அந்தப் புதருக்குள் நடக்கும் சாவை முன்கூட்டியே உணர வழி உண்டு. இவற்றையெல்லாம் யாராவது உட்கார்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும், தவறிப்போகவும் இடம் வேண்டும்.

பிழையின் அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. ஒரு முறையின் பிழை மேலும் கீழும் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 என்று அது சொன்னால் உண்மையில் 60ஆகவும் இருக்கலாம், 140ஆகவும் இருக்கலாம். அடுத்த முறை 80 என்று வந்தால் குறைந்ததா, முறையின் ஆட்டமா? சொல்ல முடியாது. மூன்றில் ஒரு பங்கு செத்துப்போன பிறகும் "நிலையாக உள்ளது" என்று அறிக்கை எழுதலாம், எழுதுகிறவர் பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் பிழையைப் பாதியாகக் குறைக்கும் ஆய்வு ஒன்று நடந்தால், அதன் பிறகு அந்தக் காட்டில் கண்காணிப்புக்குச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் கூடுதலாக வேலை செய்யும். உங்கள் தந்தையார் தொழிற்சாலை நடத்துகிறவர். அளவுகோல் சரியில்லாமல் உதிரிபாகம் செய்ய மாட்டார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஜிபிஎஸ் காலர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூட்டத்தில் ஒன்றைப் பிடித்து மயக்கி காலர் மாட்டுவது கடினம், ஒரு காலரின் விலையே லட்சங்களில் வரும், வனவிலங்குச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ்த் தனி அனுமதி வேண்டும். கிடைப்பது ஒரு கூட்டத்தின் பாதை, எண்ணிக்கை கிடைக்காது. மகாராஷ்டிரத்தில் இதைச் செய்து பல புதிய செய்திகளைக் கண்டிருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. முதல் முறை பணம் கொடுக்கும் ஒருவர் இறங்க வேண்டிய இடம் இது இல்லை என்பது மட்டுமே என் கருத்து.

ஒலி வேறு மாதிரி. செந்நாய் ஊளையிடாது, விசிலடிக்கும். புதருக்குள் ஒன்றையொன்று காணாமல் பிரிந்தவை அந்த விசிலால்தான் மீண்டும் கூடும். இந்திய ஓநாயின் ஊளையை வைத்தே எந்த ஓநாய் என்று சொல்லும் வேலை நம் நாட்டில் நடந்திருக்கிறது. அடைப்பில் வளர்க்கப்படும் செந்நாய்களின் குரலிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். விசில் அதிக தூரம் கேட்காது என்பதால் காட்டில் எவ்வளவு பயன்படும் என்று பார்க்க வேண்டும். சிறிய தொகையில் ஒரு மாணவர் முனைவர் பட்டத்துக்குச் செய்து பார்க்கத் தகுந்த வேலை. மனமிருந்தால் ஒரு சிறு பகுதியை இதற்குத் தனியே வையுங்கள்.

இப்போது எப்படிக் கொடுப்பது.

கேமராவாகக் கொடுத்த நன்கொடை ஒன்றின் கதையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பெயர் வேண்டாம். நல்ல மனதோடு ஒரு நிறுவனம் நாற்பது கேமராக்களைக் கொடுத்தது. பேட்டரிக்குப் பணமில்லை, மெமரி கார்டுகளை மாற்றிவரும் ஆளுக்குக் கூலியில்லை, லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பிரிக்க ஒருவருமில்லை. முதல் கோடையில் ஆறு கேமராக்களை யானை மிதித்தது. இரண்டாம் மழையில் பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்தது. ஒரே ஓர் எண்கூட வெளிவரவில்லை. கொடுத்தவர்கள் இன்றும் அது நடந்துகொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே பட்ஜெட்டைக் கேட்டு வாங்கும்போது முதலில் ஆட்கள் என்ற தலைப்பைப் பாருங்கள். வழித்துணையாக வரும் பழங்குடி ஆட்களுக்கு அன்றாடக் கூலியா, மாதச் சம்பளமா? காப்பீடு உண்டா? யானை துரத்திக் கால் ஒடிந்தால் யார் பார்ப்பார்கள்? மாதச் சம்பளமும் காப்பீடும் எழுதியிருக்கும் திட்டத்தை நம்புங்கள். அதே ஆட்கள் நான்கு ஆண்டும் வந்தால்தான் எச்சம் தேடும் கண் நிலைக்கும்; ஆண்டுதோறும் புதியவர்களை எடுத்தால் ஒவ்வொரு ஆண்டும் முறையே மாறிவிட்ட மாதிரி. வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு எச்சம் எடுக்கப் பயிற்சி கொடுக்கும் திட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆய்வாளர் போன பிறகும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

அடுத்தது ஆய்வகம். மாதிரிகள் எங்கே படிக்கப்படும் என்று கேளுங்கள். எச்சத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவது அனுமதிகளில் சிக்கிக் கிடக்கும். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இதைப் படிக்கத் தகுந்த ஆய்வகங்கள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான மாதிரிகள் சேர்ந்த பிறகே ஒரு முறை இயந்திரத்தை ஓட்டுவார்கள், அப்போதுதான் ஒரு மாதிரிக்கான செலவு குறையும். ஆகவே முதல் ஆண்டு முடிவில் உங்கள் கையில் எண் கொடுக்க முடியாமல் போகலாம். அதற்காக இரண்டாம் தவணையை நிறுத்திவிடாதீர்கள்.

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யச் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ்த் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது கையில் இருக்கிறதா, விண்ணப்பித்திருக்கிறார்களா என்று கேட்பது அவமரியாதை அல்ல. கிடைக்கும் தரவைக் கூட்டத்தின் துல்லியமான இருப்பிடம் மட்டும் தெரியாதபடி பொதுவில் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குட்டி உள்ள வளை எங்கே என்பது வெளியே தெரிந்தால் புகைப்படக்காரர்கள் போய் நிற்பார்கள். தாய் குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகும்.

இனி உங்கள் கணக்காளர் கேட்கப்போகும் கேள்வி. கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வரும் இந்தப் பணத்தை வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செலவிட ஏழாம் அட்டவணையில் இடம் இருக்கிறது. நிதியைப் பெறும் அமைப்பு அதற்கான பதிவைச் செய்திருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு வசதியும் உண்டு: ஒரு வேலையைத் தொடர் திட்டம் என்று அறிவித்தால், தொடங்கிய நிதியாண்டையும் அதன் பிறகு மூன்று நிதியாண்டுகளையும் அது எடுத்துக்கொள்ளலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்தால் போதும். நான்கு பருவங்கள் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதை மனதில் வைத்தே. நம் நாட்டில் பெரும்பாலான ஆய்வு நிதிகள் ஓர் ஆண்டுக்கோ மூன்று ஆண்டுகளுக்கோதான் வருகின்றன. ஒரு செந்நாய்க் கூட்டம் பிறந்து, பெருகி, உடைந்து பிரிவதைப் பார்க்க அந்தக் காலம் போதாது.

கடைசியாகத் தேதி. உங்கள் பக்கத்துக் காடுகளில் எச்சம் எடுக்க ஏற்ற காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரை. புல் காய்ந்து பாதை தெளிவாக இருக்கும், காட்டுத்தீக் காலம் இன்னும் உச்சத்துக்கு வந்திருக்காது. நிறுவனங்களின் பணமோ மார்ச் கடைசி வாரத்தில்தான் அவசர அவசரமாக வந்து சேர்கிறது. அப்போது வந்தால் அடுத்த ஜனவரி வரை அது வங்கியில் கிடக்கும், சேர்த்து வைத்த ஆட்கள் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். உங்கள் குழு அக்டோபரில் கூடுகிறது என்றால் அந்தக் கூட்டத்திலேயே முடிவெடுங்கள். நவம்பரில் ஒப்பந்தம், டிசம்பரில் ஆட்களுக்குப் பயிற்சி, பொங்கல் முடிந்த அடுத்த வாரம் முதல் நடை.